நெக்ஸ்ட்டை ஒரே இடத்தில் மட்டும் கூப்பிடுங்கள்

மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், அருமனைக் கடையில் ஒரே ஷீட் கட்டுக்கு இரண்டு பில் விழுந்தது. ஆள் ஒன்று, எடை ஒன்று, நேரத்தில் மட்டும் ஒரு நொடி வித்தியாசம். முதலாளி தக்கலையிலிருந்து போன் போட்டார். "மக்களே, ரப்பர் விலை ஏறினா நமக்கும் சந்தோஷம்தான். அதுக்காக ஒரே ஷீட்டுக்கு ரெண்டு தடவை பணம் குடுக்க நம்மால ஆகாது, பாத்துக்கோ."

அவர் ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் வாங்கி விற்பவர். கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலை, மார்த்தாண்டம், அருமனை, குலசேகரம் என்று நாலு கடை. பில் போடும் மென்பொருள் ரொம்பப் பழையது. அதன் மூல நிரல் யாரிடமும் இல்லை, அதைத் தொடவும் எனக்குத் தைரியம் இல்லை. அதனால் அதற்கு முன்னால் நோட்.ஜேஎஸ்ஸில் (சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஓட்டும் மென்பொருள், சுருக்கமாக நோட்) ஒரு சின்ன பிராக்ஸியை, அதாவது வருவதை வாங்கி அந்தப் பக்கம் அனுப்பும் இடைத்தரகனை, நிறுத்தியிருக்கிறேன். கடையிலிருந்து வரும் ஒவ்வொரு கோரிக்கையும் முதலில் பிராக்ஸிக்கு வரும், அங்கே மூன்று பிளகின்களை (ஆளுக்கு ஒரு வேலை செய்யும் சின்ன நிரல்கள்) வரிசையாகத் தாண்டும், அப்புறம்தான் பழைய மென்பொருளுக்குப் போகும். ஒரு பிளகின் தன் வேலை முடிந்ததும் நெக்ஸ்ட் என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டால்தான் கோரிக்கை அடுத்த இடத்துக்கு நகரும். முதல் பிளகின் கடையின் சாவியைச் சரிபார்க்கும். இரண்டாவது, ஒரு கடை நிமிடத்துக்கு எத்தனை கோரிக்கை அனுப்பலாம் என்ற வரம்பைப் பார்க்கும். மூன்றாவது, அன்றைய ஆர்.எஸ்.எஸ். 4 (புகையில் உலர்த்திய ஷீட்டின் ஒரு தரம்) விலையை எடுத்துக் கோரிக்கையோடு சேர்க்கும். கோட்டயத்தில் இருக்கும் ரப்பர் வாரியம் தினமும் விலை வெளியிடுகிறது அல்லவா, அதை நாங்கள் ஒரு சர்வரில் பதிந்து வைத்துக்கொள்கிறோம்.

குற்றவாளி மூன்றாவது பிளகின். எழுதியது நான்தான், தம்பியைக் குறை சொல்ல முடியாது. (தம்பி என்பது திங்கள்நகர்ப் பையன், என்னோடு சேர்ந்து வேலை பார்க்கிறான்.) விலை வரத் தாமதமானால் கடையில் ஆள் காத்து நிற்கக் கூடாது என்று இரண்டு நொடிக்கு ஒரு டைமர் வைத்திருந்தேன். டைமர் அடித்தால் நேற்றைய விலையைப் போட்டு நெக்ஸ்ட்டைக் கூப்பிடும். அன்று மழையில் லைன் இழுத்தது. இரண்டாவது நொடியில் டைமர் நெக்ஸ்ட்டைக் கூப்பிட்டது. மூன்றாவது நொடியில் விலை வந்து சேர்ந்தது, அதன் கால்பேக்கும் (வேலை முடிந்ததும் கூப்பிடச் சொல்லிக் கொடுத்து வைத்த ஃபங்ஷன்) நெக்ஸ்ட்டைக் கூப்பிட்டது. பில் சின்னது என்பதால் கோரிக்கையின் உடலை நான் முழுதாக நினைவகத்தில் வைத்திருப்பேன். ஆகவே இரண்டாவது முறையும் அது அலுங்காமல் பழைய மென்பொருளுக்குப் போய்விட்டது. லாகில் (நடப்பதைக் குறித்து வைக்கும் பதிவில்) இருந்த ஒரே தடயம், ஹெட்டர்களை (பதிலின் தலைப்புக் குறிப்புகளை) அனுப்பிய பிறகு மறுபடி அனுப்பப் பார்க்கிறாய் என்று நோட் போட்ட புகார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மூன்று பிளகின்களையும் கால்பேக்கிலிருந்து பிராமிஸ் என்ற முறைக்கு மாற்றினேன். செய்த முறையையும், இடறிய இடங்களையும் சொல்கிறேன். உங்கள் பிராக்ஸி வேறாக இருக்கலாம். பிளகின் என்பது கோரிக்கை, பதில், நெக்ஸ்ட் மூன்றையும் வாங்கிக்கொள்ளும் ஒரு ஃபங்ஷன் என்ற வடிவம் இருந்தால் இது பொருந்தும்.

துண்டு கையில் இருக்கட்டும்

கால்பேக் என்பது கடையில் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வருவது. "முடிஞ்சா கூப்பிடுங்க." அவர்கள் கூப்பிடலாம், மறக்கலாம், இரண்டு பேர் தனித்தனியாகக் கூப்பிடலாம். நம் கையில் ஒன்றும் இல்லை.

பிராமிஸ் என்பது ஷீட்டை எடை போட்டதும் கையில் தரும் துண்டு. பணம் இன்னும் வரவில்லை, ஆனால் துண்டு நம்மிடம் இருக்கிறது. பிறகு இரண்டில் ஒன்று நடக்கும்: பணம் வரும், அல்லது ஈரம் போகவில்லை, எடுக்க மாட்டோம் என்று பதில் வரும். எது நடந்தாலும் துண்டில் ஒரு கோடு கிழித்துவிடுவார்கள். கோடு விழுந்த துண்டுக்கு மறுபடி யாரும் பணம் கொடுக்க மாட்டார்கள். எனக்கு வேண்டியிருந்தது அந்தக் கோடுதான். பிராமிஸ் ஒரு தடவைதான் தீரும். அதன் பிறகு யார் எத்தனை முறை ரிசால்வ் (தீர்ந்தது) என்று கூப்பிட்டாலும் அது காதில் போட்டுக்கொள்ளாது.

இந்தப் பெயரை 1976இல் டேனியல் ஃபிரீட்மனும் டேவிட் வைஸும் வைத்தார்கள். ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்குள் அதிகாரபூர்வமாக வந்தது 2015இல், அசிங்க்கும் அவெய்ட்டும் 2017இல். (அவெய்ட் என்பது பிராமிஸ் தீரும்வரை அந்த வரியில் காத்திருக்கச் சொல்வது. அப்படிக் காத்திருக்கும் ஃபங்ஷனுக்கு முன்னால் போடுவது அசிங்க்.) அதற்கு முன் எழுதிய பிளகின்கள் கால்பேக்கில் இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2017க்குப் பின்னும் நான் அப்படி எழுதியதற்குத்தான் சோம்பலைத் தவிரக் காரணம் இல்லை.

என் பழைய நிரலின் எலும்புக்கூடு இது. ஜாவாஸ்கிரிப்ட்டில் மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர் வைக்கலாம், மொழியின் சொற்களைத்தான் மாற்ற முடியாது. இங்கே படிக்கச் சுலபமாக எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன்.

    பிளகின்(கோரிக்கை, பதில், நெக்ஸ்ட்)
      கடையைத்_தேடு(சாவி, (பிழை, கடை) =>
        பிழை என்றால் ரிட்டர்ன் நெக்ஸ்ட்(பிழை)
        வரம்பைப்_பார்(கடை, (பிழை, மீதி) =>
          பிழை என்றால் நெக்ஸ்ட்(பிழை)
          விலையை_எடு((பிழை, விலை) =>
            கோரிக்கை.விலை = விலை
            நெக்ஸ்ட்()

மூன்று பிளகின்களையும் சேர்த்து ஒன்றாகக் காட்டியிருக்கிறேன். ஐந்தாவது வரியைப் பாருங்கள். அங்கே ரிட்டர்ன் இல்லை. வரம்பில் பிழை வந்தால் நெக்ஸ்ட் ஒருமுறை பிழையோடு போகும், அப்புறம் நிரல் கீழே இறங்கி விலையையும் எடுத்து இன்னொரு முறை போகும். ஆறாவது வரியில் விலைப் பிழையை நான் பார்க்கவே இல்லை. டைமர் கதை இதற்கு மேல் தனி.

அடியிலிருந்து தொடங்குங்கள்

மேலே இருக்கும் பிளகினை முதலில் மாற்றத் தோன்றும். வேண்டாம். கீழே உண்மையாக வேலை செய்யும் ஃபங்ஷன்களை முதலில் மாற்றுங்கள்.

எதையும் சுற்றிக் கட்டுவதற்கு முன், நீங்கள் பயன்படுத்தும் நூலகம் ஏற்கெனவே பிராமிஸ் தருகிறதா என்று பாருங்கள். நோட்டுக்கான ரெடிஸ் (நினைவகத்தில் தரவு வைக்கும் தளம்) நூலகம் நான்காம் பதிப்பிலிருந்து பிராமிஸ்தான் தருகிறது. மைஎஸ்க்யூஎல்2 என்ற தரவுத்தள நூலகத்துக்குத் தனிப் பிராமிஸ் வாசல் உண்டு. கோப்பு வேலைக்கு நோட்டிலேயே இருக்கிறது. நான் ரெடிஸைப் பழைய பதிப்பிலேயே வைத்துக்கொண்டு அதைச் சுற்ற ஒரு மணி நேரம் செலவழித்தேன். பதிப்பை ஏற்றியிருந்தால் பத்து நிமிடம்.

இல்லையென்றால், நோட் 8இலிருந்து அதன் யுட்டில் என்ற உதவித் தொகுப்பில் பிராமிசிஃபை என்று ஒன்று உண்டு. கால்பேக்கின் முதல் இடத்தில் பிழை, இரண்டாவது இடத்தில் விடை என்ற நோட் வழக்கப்படி எழுதிய எந்த ஃபங்ஷனையும் அதனிடம் கொடுத்தால் பிராமிஸ் தரும் ஃபங்ஷனாகத் திரும்பி வரும். இதில் இரண்டு குழி இருக்கிறது. ஒரு ஆப்ஜெக்ட்டின் மெத்தடைப் பிய்த்துக் கொடுத்தால் அது தன் ஆப்ஜெக்ட்டை மறந்துவிடும், பைண்ட் செய்து (ஆப்ஜெக்ட்டோடு கட்டி) கொடுக்க வேண்டும். இன்னொன்று, பிழைக்கு இடமே இல்லாமல் விடையை மட்டும் தரும் கால்பேக்குகள் உண்டு. அவற்றைப் பிராமிசிஃபையிடம் கொடுத்தால் விடையையே பிழை என்று நினைத்துக்கொள்ளும். அவற்றை நியூ பிராமிஸ் போட்டுக் கையால் சுற்றுங்கள். அந்தச் சுற்றுக்குள் பழைய ஃபங்ஷனைக் கூப்பிடும் ஒரு வரியைத் தவிர வேறு வேலை எதையும் வைக்காதீர்கள். நியூ பிராமிஸுக்குள் அசிங்க் ஃபங்ஷன் போடவே கூடாது. அதற்குள் வீசப்படும் பிழை வெளிப் பிராமிஸுக்கு வந்து சேராது, அது தீராமலே தொங்கும்.

அடி மாறிவிட்டால் மேலே தானாகத் தட்டையாகிவிடும்:

    அசிங்க் பிளகின்(கோரிக்கை, பதில்)
      கடை = அவெய்ட் கடையைத்_தேடு(சாவி)
      [மீதி, விலை] = அவெய்ட் பிராமிஸ்.ஆல்([வரம்பைப்_பார்(கடை), விலையை_எடு()])
      மீதி இல்லை என்றால் பிழையை வீசு, எண் 429
      கோரிக்கை.விலை = விலை

429 என்பது வரம்பு தாண்டியதற்கான பதில் எண். நெக்ஸ்ட் என்ற சொல்லே இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். பிளகினுக்குள் அது வரவே வேண்டாம்.

வரம்புக்கும் விலைக்கும் ஒன்றோடொன்று சம்பந்தம் இல்லாததால் இரண்டையும் ஒன்றாகக் கிளப்பிவிட்டேன். பிராமிஸ்.ஆல் இரண்டும் தீரும்வரை காத்திருக்கும். இங்கே தம்பி ஒன்று செய்தான். ஆல் எதற்கு என்று, இரண்டு பிராமிஸையும் முதலில் தொடங்கி மாறியில் வைத்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக அவெய்ட் போட்டான். பார்க்க ஒன்றுபோல் இருக்கும். ஆனால் முதலாவதுக்காகக் காத்திருக்கும்போதே இரண்டாவது தோற்றுப்போனால், அந்தத் தோல்வியைப் பிடிக்க அந்த நேரத்தில் யாரும் இல்லை. நோட் 15இலிருந்து, பிடிக்க ஆளில்லாத தோல்வி வந்தால் புரோசஸே (ஓடிக்கொண்டிருக்கும் நிரல் முழுவதும்) செத்துவிடும். அதாவது, ஒரு கடையின் விலைக் கோளாறுக்கு நாலு கடை பிராக்ஸியும் விழும். ஆல் போட்டால் இரண்டின் தோல்வியையும் அது பிடித்துக்கொள்ளும். ஒன்று தோற்றால் மற்றது நின்றுவிடாது, பின்னால் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதையும் நினைவில் வையுங்கள்.

ஒரே ஒரு வாசல்

பிராக்ஸிக்கு இன்னும் நெக்ஸ்ட் வேண்டுமே. அதற்கு ஒரு சுற்று ஃபங்ஷன் எழுதுங்கள். பிராக்ஸி முழுவதிலும் நெக்ஸ்ட்டைக் கூப்பிடும் உரிமை இது ஒன்றுக்குத்தான்.

    சுற்று(பிளகின்) => (கோரிக்கை, பதில், நெக்ஸ்ட்) =>
      பிராமிஸ்.ரிசால்வ்()
        .தென்(() => பிளகின்(கோரிக்கை, பதில்))
        .தென்(() => நெக்ஸ்ட்(), (பிழை) => நெக்ஸ்ட்(பிழை))

தென் என்பது, பிராமிஸ் தீர்ந்ததும் அடுத்து எதைச் செய்ய வேண்டும் என்று சொல்லும் இடம். நாலு வரிதான், ஆனால் மூன்று இடத்தில் நான் தவறினேன்.

தொடக்கத்தில் காலியான ரிசால்வ் எதற்கு? பிளகின் எழுதுபவர் அசிங்க் போட மறந்து, பிராமிஸ் கைக்கு வருவதற்கு முன்பே பிழையை வீசினால், அதுவும் இந்த வலைக்குள்ளேயே விழ வேண்டும்.

தென்னுக்குள் நெக்ஸ்ட்டை அப்படியே நேராகக் கொடுக்கக் கூடாது. பிளகின் எதையாவது திருப்பித் தந்தால் அது நெக்ஸ்ட்டின் முதல் இடத்தில் போய் உட்காரும். அந்த இடம் பிழைக்கானது. நல்ல பதிலைப் பிழை என்று எடுத்துக்கொண்டு கடைக்கு 500 (சர்வர் பிழை) போகும்.

மூன்றாவதுதான் நுணுக்கமானது. பலரும் தென் போட்டு, அதன் பின்னால் கேட்ச் (பிழையைப் பிடிக்கும் பகுதி) போட்டு, அதில் நெக்ஸ்ட்டை வைப்பார்கள். நானும் அப்படித்தான் வைத்தேன். நெக்ஸ்ட் என்பது அடுத்த பிளகினைக் கூப்பிடுகிறது. அடுத்த பிளகின் பழைய முறையில் எழுதியதாக இருந்து அங்கே பிழை வீசினால், அது வந்து என் கேட்ச்சில் விழும், கேட்ச் மறுபடி நெக்ஸ்ட்டைக் கூப்பிடும். இரட்டைப் பில்லை ஒழிக்கப் போட்ட வாசலே இரட்டையாகக் கூப்பிட்டால் எப்படி? வெற்றிக்கும் தோல்விக்கும் உரிய இரண்டு ஃபங்ஷன்களையும் ஒரே தென்னுக்குக் கொடுத்தால், இரண்டில் ஒன்றுதான் நடக்கும். அடுத்தவன் வீசிய பிழை என் வாசலில் விழாமல் வெளியே போகும். அது புரோசஸைச் சாய்க்கலாம், சரி. அந்தப் பிளகினையும் இதே சுற்றுக்குள் கொண்டுவந்தால் அதுவும் அடங்கிவிடும்.

பிளகினே கடைக்குப் பதில் அனுப்பி முடித்துவிட்டால், அடுத்ததற்குப் போகக் கூடாது. அதற்கு ஒரு அடையாளத்தைத் திருப்பித் தரச் சொல்லி, சுற்று அதைப் பார்த்து நெக்ஸ்ட்டைக் கூப்பிடாமல் விடும்படி செய்திருக்கிறேன். சாவி தவறு, வரம்பு தாண்டியது போன்றவற்றுக்கு அது வேண்டாம். எண்ணோடு பிழையை வீசினால் போதும்.

நீங்கள் எக்ஸ்பிரஸ் என்ற நோட் கட்டமைப்பை வைத்திருந்தால்: நான்காம் பதிப்பு, ஃபங்ஷன் திருப்பித் தரும் பிராமிஸைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஐந்தாம் பதிப்பு தோற்ற பிராமிஸை மட்டும் பிழையாக எடுத்துக்கொள்ளும், வெற்றிக்கு நெக்ஸ்ட்டை நாம்தான் கூப்பிட வேண்டும். ஃபாஸ்டிஃபை என்ற இன்னொரு கட்டமைப்பில் ஹூக்கை (பிளகின் போல இடையில் ஓடும் ஃபங்ஷன்) அசிங்க்காக எழுதலாம், டன் (அங்கே நெக்ஸ்ட்டுக்கு இணை) கால்பேக்கோடும் எழுதலாம். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் என் அருமனைக் கதைதான். எச்டிடிபி-பிராக்ஸி நூலகம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கோரிக்கை கிளம்பும் நேரத்தில் அடிக்கும் அதன் பிராக்ஸிரெக் நிகழ்வுக்குள் அசிங்க் ஃபங்ஷன் கொடுத்தால் அது காத்திருக்காது. உங்கள் அவெய்ட் முடிந்து ஹெட்டரைச் சேர்க்கப் போகும்போது கோரிக்கை குழித்துறை தாண்டியிருக்கும். காத்திருக்க வேண்டிய எல்லாவற்றையும், கோரிக்கையை அனுப்பச் சொல்லும் வரிக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

திரும்பி வராதவை

பிராமிஸ் இரட்டைக் கூப்பிடலைத் தீர்க்கும். கூப்பிடாமலே இருப்பதைத் தீர்க்காது. அடியில் இருக்கும் கால்பேக் வரவே இல்லையென்றால் அவெய்ட் விடிய விடிய அங்கேயே நிற்கும், கடையில் திரை சுற்றிக்கொண்டே இருக்கும். எங்கள் ஊரில் வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம். ஜூனில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. லைன் போவதும் வருவதும் புதிதில்லை. அதனால் வெளியே போகும் ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு கெடு வையுங்கள்.

விலை எடுப்பதற்கு இப்போது நோட் 18இலிருந்து கூடவே வரும் ஃபெட்ச் என்ற, வெளியிலிருந்து எடுத்துவரும் ஃபங்ஷனைப் பயன்படுத்துகிறேன். அபார்ட்சிக்னல்.டைம்அவுட் என்பதற்கு 2000 மில்லிநொடி கொடுத்து அதை ஃபெட்ச்சோடு சேர்த்தால், இரண்டு நொடியில் அழைப்பே அறுபடும். பழைய டைமர், விலை அழைப்பைப் பின்னால் ஓட விட்டிருந்தது. இது உண்மையிலேயே நிறுத்துகிறது. அறுபட்டால் டைம்அவுட்எரர் என்ற பெயரில் பிழை வரும். அந்தப் பெயருக்கு மட்டும் நேற்றைய விலையைப் போடுங்கள், மற்றப் பிழைகளை மேலே விடுங்கள். எல்லாவற்றையும் பிடித்து நேற்றைய விலை போட்டால், முகவரி தப்பாகிவிட்டால்கூட யாருக்கும் தெரியாமல் ஒரு வாரம் பழைய விலையே ஓடும்.

நிறுத்தும் வசதி இல்லாத பழைய நூலகம் என்றால் பிராமிஸ்.ரேஸ் போட்டு, வேலையையும் டைமரையும் ஓட விடுங்கள். முந்தியது ஜெயிக்கும், பிந்தியதன் சத்தம் வெளியே வராது. டைமரை மட்டும் ஃபைனலியில் (எப்படி முடிந்தாலும் கடைசியில் ஓடும் பகுதியில்) கலைத்துவிடுங்கள்.

சனிக்கிழமை கூலி கொடுக்கும் நாள். சாயங்காலம் நாலு கடையிலும் ஒரே நேரத்தில் ஆள் குவியும், ஒவ்வொரு பில்லுக்கும் விலையைத் தனித்தனியாகப் போய்க் கேட்பது வீண். விடையைச் சேமிப்பதற்குப் பதில் பிராமிஸையே ஒரு மேப்பில் (பெயர் போட்டு எடுத்து வைக்கும் பெட்டியில்) வைத்துக்கொள்ளுங்கள். முதல் பில் கேட்டதும் பிராமிஸ் மேப்பில் ஏறும். அது தீர்வதற்குள் வரும் மற்ற பில்கள் அதே துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும். வெளியே போவது ஒரே அழைப்பு. தோற்றால் மேப்பிலிருந்து உடனே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அந்தத் தோல்வியே எல்லோருக்கும் பங்கு வைக்கப்படும்.

நான் இதில் ஒருமுறை சறுக்கினேன். நேற்றைய விலை போடும் பகுதியையும் சேர்த்து மேப்பில் வைத்துவிட்டேன். ஒரு நிமிஷம் லைன் இழுத்ததற்கு, பத்து நிமிஷம் எல்லாக் கடையும் பழைய விலையில் வாங்கின. மேப்பில் அசல் அழைப்பு மட்டும் இருக்கட்டும், மாற்று விலை போடுவது அதற்கு வெளியே. இன்னொன்று, பகிரப்படும் அழைப்புக்கு எந்த ஒரு பில்லின் ரத்துச் சிக்னலையும் கொடுக்காதீர்கள். மார்த்தாண்டத்தில் ஒருவர் திரையை மூடினால் குலசேகரத்தில் நிற்பவருக்கு விலை வராமல் போகும்.

எல்லாவற்றையும் பிராமிஸாக்க முடியாது. உடலைத் துண்டு துண்டாக வாங்கும் டேட்டா நிகழ்வு பல முறை அடிக்கும், பிராமிஸோ ஒருமுறைதான் தீரும். அதற்கு, ஒவ்வொரு துண்டாகக் காத்து வாங்கும் ஃபார் அவெய்ட் இருக்கிறது. நேராக ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்துவதென்றால் நோட் 15இல் வந்த பிராமிஸ் வகைப் பைப்லைன் இருக்கிறது.

சோதித்துப் பாருங்கள்

திங்கள்கிழமை காலையில் கடைக்கு அனுப்புவதற்கு முன் தம்பி மூன்று பொய்ச் சர்வர் எழுதினான். ஒன்று மூன்று நொடி கழித்து விலை தரும், ஒன்று பதிலே தராது, ஒன்று இணைப்பைப் பாதியில் வெட்டும். கூடவே கால்பேக்கை இரண்டு முறை கூப்பிடும் ஒரு போலி ஃபங்ஷன். பழைய மென்பொருள் இருக்கும் இடத்தில், வரும் கோரிக்கைகளை எண்ணுவதை மட்டும் செய்யும் இன்னொரு பொய்ச் சர்வர். ஒவ்வொரு சோதனையிலும் ஒரு பில் அனுப்பி, அந்த எண்ணைப் பார்க்க வேண்டும். ஒன்று, அல்லது பிழை என்றால் பூஜ்யம். வேறு எந்த எண்ணும் வரக் கூடாது.

மூன்று பிளகினும் தேறின. ஆனால் நாலாவதாக லாக் எழுதும் ஒரு குட்டிப் பிளகின் இருந்ததை இருவருமே மறந்திருந்தோம். அதைச் சேர்த்ததும் எண் இரண்டு வந்தது. "அக்கா, இதுலயும் ஒரு நெக்ஸ்ட் கெடக்கு." எடிட்டரில் நெக்ஸ்ட் என்று தேடச் சொன்னேன். சுற்று ஃபங்ஷனுக்கு வெளியே இன்னும் ஐந்து இடத்தில் இருந்தது.